துடைத்து வைத்த கத்தரிப் பட்டறை

அனுப்புநர்:
பட்டறை உரிமையாளர்,
அறுவை சிகிச்சைக் கத்தரிக்கோல் மெருகுப் பட்டறை,
கதவு எண் 17, தகரக் கொட்டகைச் சந்து.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
ஏற்றுமதி வாய்ப்புள்ள தொழில்களைக் கண்டறியும் பிரிவு.

பொருள்: “உற்பத்தி இல்லை” என்று எங்கள் தொழிலைப் பட்டியலில் சேர்க்காதது – மறுஆய்வு கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் சந்தில் ஒன்பது பட்டறைகள் உள்ளன. மருத்துவமனைகளில் தையல் வெட்டும் கத்தரிகளுக்கு மெருகேற்றுகிறோம். மூன்று நாடுகளிலிருந்து மாதிரி கேட்டுக் கடிதம் வந்துள்ளது. நகல்களை இணைத்துள்ளேன்.

2. வளரக்கூடிய ஏற்றுமதித் தொழில்களைத் தேர்ந்தெடுக்கத் தங்கள் ஆய்வாளர் வருவதாகச் சென்ற ஆண்டு தகவல் வந்தது. தேர்வாகும் தொழிலுக்குத் தூசி உறிஞ்சும் இயந்திரம் அமைத்துத் தரப்படும் என்ற வரியை என் தம்பி நாலு தடவை படித்தான். மெருகுச் சக்கரத்தின் முன் பதினாறு வருடம் உட்கார்ந்தவன். அப்போதே பாதி மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குவான்.

3. இனி எழுதுவது எங்கள் முட்டாள்தனம், மறைக்க விரும்பவில்லை. ஆய்வு நாளில் வேலையை நிறுத்தினோம். சக்கரங்களைத் துடைத்துத் துணி போர்த்தினோம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். ஆட்களுக்கு விடுமுறை கொடுத்தோம். ஓடுகிற பட்டறையையே காட்டலாமே என்று நான் சொன்னேன். “அக்கா, இந்தத் தூசியப் பாத்தா நம்மள யாரு வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க? ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சுனு இருக்கணும்” என்றான். மற்ற எட்டுப் பட்டறைகளுக்கும் அவனே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

4. ஆய்வாளர் கால் மணி நேரம் நின்றார். எது ஓடுகிறது என்று கேட்டார். இன்று எதுவும் ஓடவில்லை என்று தம்பி பெருமையாகச் சொன்னான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, “உற்பத்தி இல்லை” என்று கண்ணில் பட்டதைத்தான் எழுதினார். எங்கள் தொழில் இல்லாமல் பட்டியல் வந்த அன்று தம்பி எட்டு வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்டான்.

5. மூன்று முறை விளக்கக் கடிதம் கொடுத்தோம். அடுத்த ஆய்வு ஐந்தாண்டு கழித்துத்தான் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குத்தான் என் புகார். கடந்த மாதம் பத்தொன்பதாம் தேதி தம்பி இறந்துவிட்டான். நெஞ்சு முழுக்க உலோகத் தூசி என்றார் மருத்துவர். எக்ஸ்ரே படத்தையும் இணைத்துள்ளேன். பட்டறை ஓடியதற்கு இதைவிட நல்ல ஆதாரம் என்னிடம் இல்லை. படத்தை மட்டும் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள். அவன் முகம் உள்ள படம்கூட எங்களிடம் ஒன்றிரண்டுதான்.

6. அவனுடைய சக்கரத்தில் இப்போது அவன் மனைவி உட்காருகிறாள், வாயில் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டு. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளைக் காட்டினாள். நேற்றிலிருந்து இருமுகிறாள்.

ஆகவே ஐயா, ஐந்தாண்டு வரை எங்களைக் காக்க வைக்க வேண்டாம். ஆய்வாளரை மறுபடி அனுப்பி வையுங்கள். வரும் நாளை மட்டும் எங்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்காதீர்கள். தெரிந்தால் மறுபடியும் துடைத்து வைத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

இடம்: தகரக் கொட்டகைச் சந்து
நாள்: மார்ச் 11

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பட்டறை உரிமையாளர்