மலையேறிய குச்சிகள்

இன்று காலை வகுப்பில் சந்திரத் தரையின் படமொன்றை விரித்து, அதன் மேடுபள்ளங்களைக் கணக்கிடும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அங்கே கடல் இல்லையே சேர், உயரத்தை எதிலயிருந்து அளக்கிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அசையாத ஓர் இடத்தை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். சொன்னதும் உங்கள் முகம்தான் முன்னால் வந்து நின்றது.

லிந்துலைக்கு மேலே அந்தத் தோட்டத்து மலைச்சரிவு நகர்கிறதா என்று பார்க்க நான் வந்தபோது, அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க வந்தவர் நீங்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் மஞ்சள் பூசிக் கும்பிடும் முனிக்கல்லிலிருந்து அளந்தோம். அது பாறையோடு பாறையாக நிற்கும் கல் என்று நினைத்தேன். அதற்கு மேலே, தேயிலைக்குள், ஏழு குச்சிகள் நட்டோம்.

வாரம் ஒருமுறை அளந்தோம். கணக்கின்படி குச்சிகள் கல்லைவிட்டு விலகி மலையேறிக்கொண்டிருந்தன. ஏழும் ஒரே அளவு. பனிமூட்டத்துக்குள் அவை வரிசையாக நிற்பதைப் பார்க்கவே எனக்குப் பயம். நாம் முதுகைக் காட்டியதும் நடக்கத் தொடங்குமோ என்றிருக்கும்.

"சங்கிலியைத் தொய்ய விடாதேங்கோ" என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

"இழுத்துத்தாங்க புடிச்சிருக்கேன் மாஸ்டர். குச்சி ஏறலைங்க, கல்லுதான் எறங்குது. லயத்துல எங்க காம்பரா கதவு சாத்த முடியலைங்க."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றேன். படித்த திமிர், வேறென்ன. அறைக்குப் போய், சங்கிலித் தொய்வுக்கென்று ஏழு அளவிலிருந்தும் ஒரே தொகையைக் கழித்தேன். மலை அசையவில்லை என்று தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் லயத்துக்கு ஊற்று நீர் கொண்டுவரும் பீலியில் தண்ணீர் நின்றுவிட்டது. மேலே மழை கொட்டுகிறது, பீலி காய்ந்து கிடக்கிறது. மேலே மலை பிளந்துவிட்டதென்று நீங்கள் காம்பரா காம்பராவாகத் தட்டி ஆட்களை வெளியே கூட்டினீர்கள். தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா என் கடிதத்தைக் காட்டி, "மாஸ்டரே எழுதியிருக்காரு, உள்ள போங்க" என்றாராம். பாதிப்பேர் திரும்பிப் போனார்கள். அவர்களைக் கூப்பிட நீங்களும் போனீர்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். ஏழு குச்சிகளும் நட்ட இடத்திலேயே நின்றன. அவற்றுக்குக் கீழே மலை சரிந்து கிடந்தது; லயமும் இல்லை, கல்லும் இல்லை.

உங்கள் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "கல்லு எறங்குதுன்னு அவரு சொன்னாரே, அது கணக்குல தெரிஞ்சுச்சாங்க மாஸ்டர்?"

"இல்லை" என்றேன், ஏழு அளவிலும் அது தெரிந்திருந்தும்.

அவர் என்னை நம்பிவிட்டார். அதைத்தான் இன்னும் சுமக்கிறேன்.