புதுப் பந்து யாருக்கு

மார்ச் 3

அன்புள்ள ரயிலுக்கு,

நான் நலம். நீயும் வீட்டுக்காரரும் மகளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பயந்துவிடாதே. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய். அதிலும் இப்போது நான் கேட்கப்போவதற்கு முதல் வார்த்தையிலேயே முடியாது என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

முதலில் ஊர்க் கதை. கிரிக்கெட் வாரியத்தின் புதுக் கட்டடத்தில், நாட்டுக்காக ஆடிய முதல் பெண்கள் அணி என்று நம் படத்தை மாட்டியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? மாடிப்படி திருப்பத்தில், தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்தில். சிவப்பாக ஏதோ தொங்குகிறதே என்று திரும்புகிறவர்கள் நம்மையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம், நீ மட்டும் உர்ரென்று நிற்கிறாய். அன்று காலைதான் தையல்காரர் கோட்டுகளைக் கொண்டுவந்தார். பெண்களுக்குக் கோட்டு தைத்துப் பழக்கமில்லை என்று ஆண்கள் அணியின் அளவிலேயே தைத்துவிட்டார். உன் விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. "பந்து போடுறப்போ கழட்டிடப் போறீங்க, அப்புறம் என்னம்மா?" என்று உன்னையே கேட்டார். நம் கேப்டன் மேஜர் நடுவில் வந்து நிற்காவிட்டால் அவர் கத்தரிக்கோலே அவர் மேல் பாய்ந்திருக்கும். மேஜர் என்று சும்மாவா பட்டப்பெயர் வைத்தோம், அவளைப் பட்டாளத்தில் சேர்த்திருக்க வேண்டும். தெரியாமல் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் ஆக்கிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் தேர்வுக்குழுத் தலைவி ஆனது உனக்குத் தெரியும். செப்டம்பரில் உலகக் கோப்பை. எங்கள் முதல் வேகப்பந்துக்காரிக்கு முதுகு போய்விட்டது. புதுப் பந்தை யார் கையில் கொடுப்பது என்று ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். போன வாரம் பயிற்சியாளர் தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டில் ஏதோ கிளப் ஆட்டம். ஒரு பெண் எல்லைக்கோட்டுப் பக்கமிருந்து ஓடிவந்தாள். அவள் பந்தை விடுவதற்கு முன்பே, "இது யாரு பொண்ணுன்னு நான் சொல்றேன்" என்றேன். சொன்னேன். அவர் அசந்துபோனார். அந்த ஓட்டத்தை இளமை முழுக்க எதிரே ஸ்டம்புக்குப் பின்னால் குனிந்திருந்து பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா.

அவள் இங்கே பிறந்தவள், நம் நாட்டு பாஸ்போர்ட் இன்னும் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். அவளை மே மாதம் பயிற்சி முகாமுக்கு அனுப்பு. முகாமுக்குத்தான் கூப்பிடுகிறேன். அதற்கு மேல் அவள் கையில் இருக்கிறது. தங்குவதும் சாப்பிடுவதும் என் வீட்டில்.

உன்,
பூனை


மார்ச் 21

அன்புள்ள பூனைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன், இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை படிக்கும்போது தோளுக்குப் பின்னால் நின்று மகளும் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். கெட்டது போ.

அந்த அணிக்கா என் மகளைக் கேட்கிறாய்? உலகக் கோப்பையில் ஆடிவிட்டுத் திரும்பியபோது விமான நிலையத்தில் சங்கச் செயலாளர் என்ன சொன்னார்? "அடுத்த டூர் பத்தி லெட்டர் வரும்மா, பயிற்சிய விட்டுடாதீங்க." விடவில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதித்துவிட்டு, பின்பக்கச் சுவரில் கரிக்கோட்டால் ஸ்டம்ப் வரைந்து தினமும் போட்டேன். லெட்டர் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள் என்பதையே பழைய பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என்னுடைய நல்ல வேகமெல்லாம் அந்தச் சுவருக்குத்தான் போனது. யாராவது என்னை அவுட் ஆக்கி அனுப்பியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அதற்கப்புறம் நான் ஆடவே இல்லையே, பூனை.

பிறகு கல்யாணம், தாமதமாக இந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு விமானம். நீ அங்கேயே இருந்தாய். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாற்றி மாற்றி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பெண்களைச் சேர்த்து, அணியைத் திரும்ப உயிர்ப்பித்தாய். அதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது. எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

இங்கே மாநில அணிக்கான தேர்வும் அதே மே மாதம்தான். இரண்டில் ஒன்றுக்குத்தான் போக முடியும். மகளிடம் விவரமாகச் சொன்னேன். "அம்மா, நீ ஆடின டீமு, நீ நின்ன கிரவுண்டு. நான் போறேன்மா" என்கிறாள். அவள் அப்பா என்னைப் பார்க்கிறார், நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

அனுப்புகிறேன். உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்.

ரயில்


மே 14

அன்புள்ள ரயிலுக்கு,

பிள்ளையை இப்படியா வளர்ப்பார்கள்? நனைந்த காலுறையை நாற்காலி முதுகில் காயப்போடுகிறாள், குளியலறையில் பாடுகிறாள், நான் குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டால் முகத்துக்கு நேரே சொல்கிறாள். வீடு நிறைந்திருக்கிறது.

முகாமில் நல்ல வேகம். முதல் நாளே ஒரு பெண்ணின் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போனது பந்து. பயிற்சியாளர் என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினார். அவளோடு புதுப் பந்துக்குப் போட்டியில் இருப்பவள் ஒரு பஸ் டிரைவர் மகள். உன் மகளின் வேகம் இவளுக்குக் கிடையாது, ஆனால் பந்தை இரண்டு பக்கமும் திருப்புகிறாள், எல்லாம் ஸ்டம்பைச் சுற்றியே விழுகிறது. இரண்டும் எதிரிகளாக இருக்கும் என்று பார்த்தால், இன்று ஒரே தட்டில் சாப்பிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா பஸ்ஸில் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார்கள்.

சாயங்காலம் ஆனால் உன் மகளுக்கு நம் கதை வேண்டும். கையுறை கதையைச் சொன்னேன். ஆண்கள் கிளப்பில் வேண்டாம் என்று போட்ட கையுறையில் விரலுக்கு விரல் பஞ்சை அடைத்துக்கொண்டு நான் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது. பாவாடையோடு பவுண்டரியில் சறுக்கி மேஜரின் முழங்கால் முழுக்கத் தோல் போனது. ரேடியோக்காரர் உன்னை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "இதோ, அந்த அம்மையார் மீண்டும் ஓடிவருகிறார்கள்" என்றாரே. வேலி ஓரத்தில் நின்ற ஒரு ஆள், "வீட்ல அடுப்பு அணைஞ்சிடப் போகுது, போங்கம்மா" என்று கத்த, அடுத்த பந்தில் நீ நடு ஸ்டம்பைப் பிய்த்து என் காலடியில் போட்டது. மறுநாள் அதே ஆள் பெண்டாட்டியையும் அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாரே, அதையும் சொன்னேன்.

"அம்மா இதெல்லாம் சொன்னதே இல்ல சித்தி" என்றாள்.

ஏன் சொல்லவில்லை, ரயில்?

உன்,
பூனை


ஜூன் 2

அன்புள்ள ரயிலுக்கு,

பத்திரிகையில் பார்ப்பதற்கு முன் என் கையெழுத்தில் நீ இதைப் படிக்க வேண்டும் என்று துரிதத் தபாலில் அனுப்புகிறேன். அடுத்த வாரம்தான் பட்டியல் வெளியாகும். உன் மகளின் பெயர் அதில் இல்லை.

குழுவில் மற்றவர்களுக்கு இரண்டு மனசு. என் ஓட்டுதான் முடிவு செய்தது. நான் பஸ் டிரைவர் மகளை எழுதினேன். கடைசி மூன்று பயிற்சி ஆட்டங்களில் உன் மகள் வேகத்துக்காகப் பந்து விழும் அளவை விட்டுவிட்டாள். அடி வாங்கியதும் இன்னும் வேகமாகப் போட்டாள், இன்னும் அடி வாங்கினாள். அவளுக்கு ஒரு வருஷம் போதும், பெரிய பந்துவீச்சாளர் ஆகிவிடுவாள். உலகக் கோப்பைக்கு அந்த ஒரு வருஷம் என்னிடம் இல்லை.

சமையலறையில் வைத்துச் சொன்னேன். கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் அவளைவிட ஃபாஸ்ட்டுதானே சித்தி?"

"ஆமாடா."

"அப்போ?"

"இந்தத் தடவை அவ உன்னைவிட நல்லாப் போட்டா."

அதே டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். பிறகு போய்ப் பெட்டியைக் கட்டினாள். நாளைக் காலை விமானம். வழியனுப்பப் பஸ் டிரைவர் மகள் வந்திருக்கிறாள். இரண்டும் உள் அறையில் அழுகின்றன. எனக்கு அந்த அறைக்குள் போகத் தைரியம் இல்லை.

பூனை


ஜூன் 13

பூனைக்கு,

கடிதம் வந்தது. மகளும் வந்தாள்.

நம் முதல் சர்வதேச ஆட்டத்தில் என் பந்து ஒன்று மட்டையின் விளிம்பில் பட்டு உன்னிடம் வந்தது. அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். மட்டை பிடித்த பெண் நடக்கவும் தொடங்கிவிட்டாள். நீ கையைத் தூக்கி, "தரையில பட்டுடுச்சு சார்" என்றாய். அவள் திரும்பி வந்து சதம் அடித்தாள், ஆட்டம் கையை விட்டுப் போனது. அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. எனக்கு எரிச்சல், ஆனால் நீ சரி என்று தெரியும்.

இது அப்படி இல்லை. அது ஒரு பந்து, இது என் குழந்தை. அவளுடைய மாநிலத் தேர்வு போய்விட்டது. அந்த அணி என்னை ஒரு தடவை விமான நிலையத்தில் நிறுத்திவைத்தது. இப்போது என் மகளை. அப்போது யாரோ ஒரு செயலாளர் செய்தார், இப்போது நீ.

எனக்கு இனி எழுத வேண்டாம்.


அக்டோபர் 9

அன்புள்ள ரயிலுக்கு,

வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

உலகக் கோப்பையை நீயும் பார்த்திருப்பாய். முதல் சுற்றோடு திரும்பிவிட்டோம். பஸ் டிரைவர் மகளை எல்லா ஆட்டத்திலும் வெளுத்துவிட்டார்கள். முகாமில் நான் பார்த்த பந்து ஒன்றுகூட அவள் கையிலிருந்து வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த வேகப்பந்துக்காரியை விட்டுவிட்டு இவளை எடுத்தது யார் என்று பத்திரிகைகள் கேட்டன. வாரியமும் கேட்டது. நான் என்றேன். நன்றி சொல்லி, பூங்கொத்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பூங்கொத்து பரவாயில்லை, வாசனை இருந்தது.

உன்னை ஏமாற்றிக் கடிதம் எழுத எனக்கு வராது. அன்று கண்ணால் பார்த்ததை வைத்து இன்று கேட்டாலும் அதே பெயரைத்தான் எழுதுவேன். ஆனால் உன் மகள் நாற்காலியில் காயப்போட்டு மறந்துபோன ஒரு காலுறை இங்கே இருக்கிறது. அதை மடித்து வைக்கவும் கை வரவில்லை, அனுப்பவும் கை வரவில்லை.

பஸ் டிரைவர் மகள்தான் பாவம். பந்தையே தொட மாட்டேன் என்கிறாள். "என்னால உங்க வேலை போச்சு மேடம்" என்று வந்து நிற்கிறாள். அது வேலையே இல்லை, சம்பளம் கிடையாது என்று சொன்னேன். சிரிக்கவில்லை. என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை, ரயில். பின்னால் நின்று பார்க்கத்தான் எனக்குத் தெரியும்.

பூனை


நவம்பர் 18

அன்புள்ள பூனைக்கு,

எல்லா ஆட்டமும் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று முதல் நாள் டீவியை மறைத்துத் துணி போட்டேன். மகள் துணியை எடுத்துவிட்டாள். அந்தப் பெண் அடி வாங்கும்போதெல்லாம் "ஐயோ, கால், கால பாருடி" என்று டீவியோடு பேசினாள். தன் இடத்தில் நிற்பவளுக்காக இப்படிப் பதறுகிறாளே என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் தினமும் போனில் பேசிக்கொள்கின்றன. வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான்.

அவள் மனம் ஆறக் கொஞ்ச நாள் ஆனது. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "சித்தி சொன்னது கரெக்ட்டும்மா. நான் கோபத்துல போட்டேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தோசை கேட்பதுபோலச் சாதாரணமாகத் தட்டை நீட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆடாமல் போன வருஷங்களை அவள் ஆடித் தருவாள் என்று நினைத்திருக்கிறேன். உன்னிடம் அவளைக் கொடுத்து அதைத் திருப்பி வாங்கப் பார்த்திருக்கிறேன். கதைகளை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே, சொல்ல ஆரம்பித்தால் அந்தக் கரிக்கோட்டுச் சுவரில் வந்து முடியும். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். மேஜர் கதையில் அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

மார்ச்சில் இங்கே மறுபடி மாநிலத் தேர்வு. போவதாகச் சொல்கிறாள். நம் நாடா இந்த நாடா என்பதை அவளே முடிவு செய்யட்டும், நானும் நீயும் வாயைத் திறக்கக் கூடாது.

இப்போது அந்த பஸ் டிரைவர் மகள் விஷயம். பெரிய மைதானத்தைப் பார்த்ததும் வேகம் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பந்தை விடும் முன் கடைசிக் காலடியை நீட்டி வைக்கிறாள். அதனால் முன்கால் மடங்குகிறது, தலை இடப்பக்கம் சாய்கிறது, பந்து மட்டைக்காரியின் காலுக்கு வெளியே ஓடுகிறது. வேறு ஒன்றுமில்லை. இதை எழுத்தில் படித்துத் திருத்த முடியாது. பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.

டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பர் முதல் வாரம். விமான நிலையத்துக்கு வராதே, அங்கே பேசியே பொழுது போய்விடும். நேரே மைதானத்துக்கு வருகிறேன், அந்தப் பெண்ணை வரச் சொல். நான் வரும்வரை பந்தைத் தொட வேண்டாம், நிம்மதியாகத் தூங்கட்டும்.

அவள் போடும்போது நீ ஸ்டம்புக்குப் பின்னால் இரு. குனிய முடியாவிட்டால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள். அங்கே நீ இல்லாவிட்டால் பந்து எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடாது.

உன்,
ரயில்