ஐஸ் பேக்டரி எஞ்சினின் ஹேண்டில்

மயிலாப்பூர்
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ஷஃபி,

நேற்று நீ தொலைபேசியில் பேசியதில் பாதிகூட என் காதில் விழவில்லை. வலக்காது போய் மூன்று ஆண்டுகளாகின்றன. இடக்காதும் இப்போது சுவருக்கு அப்பாலிருந்து கேட்கிறது. ஆகவே இனி எழுது. கையெழுத்து மோசம் என்ற சாக்கு வேண்டாம். பள்ளியில் உன் கட்டுரை நோட்டை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

அறுவைச் சிகிச்சை 19ஆம் தேதி. இடக்காதுக்குள் இருக்கும் கட்டியை எடுக்கும்போது கேட்கும் நரம்பும் போய்விடும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். வீட்டில் மதுமதி அழுதாள். எனக்கு ஒரே ஓர் ஆசைதான்: 15ஆம் தேதி ஞாயிறன்று நம் எஞ்சின் ஓட வேண்டும்.

சைதாப்பேட்டையில் உன் அத்தாவின் ஐஸ் பேக்டரியில் அது ஓடும் ஓசையில்தான் எதிர்வீட்டில் நான் பரீட்சைக்குப் படித்தேன். அது நின்றால் புத்தகத்திலிருந்து தலைநிமிர்வேன். ஆறு ஆண்டுகளாக அதை ஒரு பழைய அம்பாசடருக்குள் உட்கார வைக்கப் பாடுபட்டிருக்கிறோம். கூரையை அரையடி தாழ்த்தினோம், எஞ்சின் வெளியே தெரிய பானெட்டைக் கழற்றினோம், லாரி கியர்பாக்ஸைப் பூட்டினோம். பழைய காரை உருமாற்றி 'ஹாட் ராட்' செய்கிறோம் என்றபோது ஈக்காட்டுத்தாங்கலே சிரித்தது.

எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹேண்டில் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இருவரும் சேர்ந்து சுற்றினால்தான் முதல் ஓட்டம் என்று நீதானே என் கையில் கொடுத்தாய். கொண்டுவருகிறேன்.

உன்,
ராகவன்


ஈக்காட்டுத்தாங்கல்
8 செப்டம்பர் 2024

ராகவா,

ஒடம்பு எப்பிடி கீது? வூட்ல நஸ்ருன்னிசா உனக்காக துவா கேட்டுக்கினே கீறா.

15ஆம் தேதி தோதுப்படாது மச்சி. எஞ்சினுக்கு போடுற கேஸ்கெட் வரல. வந்ததும் நானே சொல்றேன். நீ அலையாத. ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்.

ஷஃபி


மயிலாப்பூர்
14 செப்டம்பர் 2024

திரு. ஷஃபியுல்லா அவர்களுக்கு,

இன்று காலை தங்கள் பட்டறைக்கு வந்தேன். தாங்கள் இல்லை, வெல்டர் விக்கி இருந்தார். கேஸ்கெட் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் என் காதருகே வாயை வைத்துக் கத்தினார்:

"இன்னா சார் கேஸ்கெட்டு? எஞ்சின் பிளாக்கே வெரிசல் வுட்டுக்கிச்சி! போன வாரம் வெள்ளிக்கெழம நாலு நிமிஷம் ஓடிச்சி சார். ரோடே அதிர்ந்துச்சி. நீங்க கேக்கலியா?"

நான் கேட்கவில்லை.

தண்ணீர்க் குழாயை இணைக்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். சூடேறியதும் பதறி, கொதிக்கும் வார்ப்பிரும்பின் மீது பச்சைத் தண்ணீரை ஊற்றியிருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாக எஞ்சின் பிரிக்கும் ஒருவர் செய்யும் காரியமா இது? இருந்தாலும் அது பதற்றம், அதை மன்னிக்கலாம்.

ஹேண்டில் என்னிடம் இருக்கும்போது எஞ்சின் எப்படிக் கிளம்பியது என்று கேட்டேன். விக்கி பெருமையோடு எடுத்துக் காட்டினார்: தாங்கள் அளவு சொல்லி, அவர் செய்த இன்னொரு ஹேண்டில். அது பதற்றத்தில் செய்ததல்ல. இரும்பு வாங்கி, அறுத்து, வளைத்து, பற்றவைத்துச் செய்தது. ஒவ்வொரு கட்டத்திலும் என்னை நினைத்திருக்கத் தங்களுக்கு அவகாசம் இருந்தது.

இப்படிக்கு,
வே. விஜயராகவன்


ஈக்காட்டுத்தாங்கல்
17 செப்டம்பர் 2024

ராகவா,

'தாங்கள்'னு எழுதிக்கிறியே, அதுக்கு நாலு அறை வுட்ருக்கலாம்.

உனக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாளு. அன்னிக்கி உன் முன்னாடி கெளம்பாம பூட்டா? அந்த பயத்துலதான் ஒரு வாட்டி பாத்துக்கலாம்னு ஹேண்டில் செஞ்சேன். ஒரு நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்திடலாம், தண்ணி வேணாம்னு நெனச்சேன். கெளம்பிச்சி. அதே சத்தம்டா. அத்தா உள்ள நிக்கிற மாதிரியே இருந்துச்சி. நிறுத்த கை வரல. போன்ல ரெக்கார்டு எடுக்கக்கூட தோணல. உன் பங்கையும் சேத்து நானே கேட்டுட்டேன்.

இரும்புல வுட்ட வெரிசல ஆணி போட்டு தைக்கிற ஆளு அம்பத்தூர்ல கீறாரு. ரெண்டு மாசம் ஆவும்ன்றாரு. உனக்கு ரெண்டு நாள்தான் கீதுன்னு எனக்குத் தெரியும்.

வூட்டு வாசல் வரைக்கும் வந்தேன். பெல் அடிக்கல.

ஷஃபி


மயிலாப்பூர்
25 நவம்பர் 2024

ஷஃபிக்கு,

விரிசலைத் தைத்தாகிவிட்டது, ஞாயிறன்று வா என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. பதில் எழுதவில்லை. ஆனால் நேற்று வந்திருந்தேன். எதிர் டீக்கடையில், தூணுக்குப் பின்னால் நின்றேன்.

நீ ஹேண்டிலைச் சுற்றினாய். மூன்றாவது சுற்றில் புகை வந்தது. என் கிளாஸில் டீ நடுங்கியது. விக்கி இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். டீக்கடைக்காரர் பொத்திக்கொண்டார். தெருவில் போன ஒரு பெண்மணி குழந்தையின் காதுகளைப் பொத்தினாள். பொத்தாமல் நின்றது நான் ஒருவன்தான்.

நீ சிரிக்கவில்லை. நான்கு முறை தெருவைத் திரும்பிப் பார்த்தாய். யாரைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். நான் வெளியே வரவில்லை. வந்திருந்தால் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். உன் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனமில்லை.

நீ செய்தது அன்பினால்தான் என்பதை ஏற்கிறேன். ஆனால், உன் அன்பு என்னை விட்டுவிட்டுத்தான் அந்த ஓசையைக் கேட்டது.

இந்தக் கடிதத்துடன் ஹேண்டிலையும் அனுப்பியிருக்கிறேன். எண்ணெய் தடவியே வைத்திருந்தேன், துரு இல்லை. விக்கி செய்ததில் வளைவு சரியில்லை, கை வழுக்கும், எஞ்சின் பின்னோக்கி எதிரடித்தால் மணிக்கட்டு முறியும். இனி இதையே பயன்படுத்து.

பதில் எழுத வேண்டாம்.

விஜயராகவன்