செவ்வாய்க்கிழமை வராதவர்கள்

என் அருமை மச்சான் குமரேசனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கடிதம் எழுதுகிற ஆளா நான்? பேனர் அடிக்கிறவன். பத்து வார்த்தைக்கு மேல் போனால் எழுத்து சின்னதாகிவிடும் என்று வாடிக்கையாளரைத் திட்டுகிறவன். ஆனால் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதனால் இது கொஞ்சம் நீளமாகவே வரும். பொறுத்துக்கொள்.

சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு, ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுக்க, சிறுதொழில் செய்கிற நம் ஆட்களைச் சேர்த்தாயே, அதை நான் எவ்வளவு கிண்டல் செய்திருக்கிறேன். லேத் பட்டறை வைத்திருந்த நீ, கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிற செல்வம், சாப்பாடு அனுப்புகிற மேரி அக்கா, நான், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். தலைவர் கிடையாது, மைக் கிடையாது. யாராவது வரவில்லை என்றால் இரண்டு பேர் அவர் இடத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும், அது ஒன்றுதான் உன் கண்டிப்பு. மகாபலிபுரத்தில் ஹால் பிடித்துப் பெரிதாகச் செய்யலாம் என்று நான் நச்சரிக்கும்போதெல்லாம் சிரிப்பாய். ஒரே ஒரு முறை கேட்டாய்.

"ஒரு நாள் பாத்தவன நம்பி நீ வேலைய குடுப்பியா?"

அதையும் கிண்டல் செய்துவிட்டுப் போனேன்.

நீ போன பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமையை நிறுத்தினேன். உன் நினைவாகத் தொழில் முனைவோர் மாநாடு என்று கடலோர ரிசார்ட் ஒன்றில் ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தேன். வாசலில் உன் படம் போட்ட பேனர், நானே அடித்தது. செங்கல்பட்டிலிருந்தும் அணுபுரத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். விசிட்டிங் கார்டுகள் கட்டுக்கட்டாகக் கைமாறின. ஷீல்டு, சால்வை, மீன் வறுவலோடு சாப்பாடு. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் போன் மேல் போன் வரும் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடவில்லை, மச்சான்.

அதைக்கூட விடு. மேடையில் மேரி அக்காவுக்கு நான்தான் ஷீல்டு கொடுத்தேன். அவர் அதை இடது கையால் வாங்கினார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேர் முன்னால் இப்படியா வாங்குவது என்று கடுப்போடு கேமராவைப் பார்த்துச் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் செல்வம் சொன்னான். மாநாட்டுக்கு முந்தின வாரம் கஞ்சி வடிக்கும்போது அண்டா சரிந்து அக்காவின் வலது கை வெந்துபோயிருந்ததாம். முந்தானைக்குள் அதை மறைத்துக்கொண்டு மேடை ஏறியிருக்கிறார். பிறகு சமையல் நின்று, கம்பெனி ஆர்டரும் வேறு ஆளுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை இருந்திருந்தால் அந்த வாரமே நம் ஆட்கள் அவர் வாசலில் நின்றிருப்பார்கள். அவ்வளவு கிட்டத்தில் நின்ற நான் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

போய் மன்னிப்புக் கேட்டேன். அக்கா திட்டவில்லை. மறுபடி செவ்வாய்க்கிழமை கூடினால் சொல், வருகிறேன் என்றார், அவ்வளவுதான்.

மறுவாரமே தொடங்கினோம். முதல் வாரம் மூன்றே பேர். அடுத்த வாரமும் அதே மூன்று பேர். என் பொறுமைதான் உனக்குத் தெரியுமே, விட்டுவிடலாம் என்றேன். அக்கா விடவில்லை. ஆறாவது வாரம் ஒன்பது பேர். நெம்மேலிப் பக்கம் ஒரு வேலைத்தளத்தில் சாப்பாட்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று செல்வம் கொண்டுவந்த தகவலில் அக்கா மறுபடி அடுப்பு மூட்டியிருக்கிறார். பழைய ஆர்டர் திரும்பவில்லை. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

போன செவ்வாய், யார் யார் வரவில்லை என்று கேட்டேன். செல்வம் இரண்டு பேரைச் சொன்னான். மேரி அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"குமரேசனும்தான் எட்டு மாசமா வரல. அவரு வூட்டாண்ட யாரு போனீங்க?"

ஒருவரும் போயிருக்கவில்லை. காரியத்துக்குப் போனதோடு சரி, நானும் எட்டிப் பார்க்கவில்லை. உன் பெயரில் மாநாடு நடத்தினவன் உன் வீட்டுக்குப் போகவில்லை.

நானும் அக்காவும் அப்போதே கிளம்பினோம். உன் மனைவி கலா பட்டறை ஷட்டரைப் பாதி தூக்கி வைத்து, லேத்தை எடை போட்டு எடுக்க வந்த காயலான் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவரை இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்.

"இப்பதான் வழி தெரிஞ்சிதாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கேட்டுக்கொண்டே ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதமாக அந்தப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து என்னவெல்லாம் நினைத்தாரோ?

லேத்தை விற்பதா, ஆள் வைத்து ஓட்டுவதா என்று கலா இன்னும் முடிவு செய்யவில்லை. அது அவர் முடிவு. ஆனால் நாளைக் காலை டீக்கடைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வந்தால், எல்லாரோடும் உட்காரட்டும். வராவிட்டால் ஏழரை மணிக்கு உன் வாசலில் நான் நிற்பேன். அடுத்த வாரமும் நிற்பேன், அதற்கடுத்த வாரமும். இந்த முறை பேனர் அடிக்காமல் வாக்குக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கலா 'அண்ணே' என்று கூப்பிடுகிறவன், ஆகையால் உனக்கு மச்சான்,
பழனி