ஒருமுறை எழுதி நாற்பது விளக்கு

குவெம்புநகர், மைசூரு

அன்புச் செல்வம் ஹம்ஸாவுக்கு,

பெருமாள் கிருபையில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மியூனிக் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நம் பூங்காவில் நேற்று தசரா விளக்கு எரிந்ததடி! என் விளக்கு! வருஷா வருஷம் வாடகை சீரியல் செட்தானே, இந்தத் தடவை நானே செய்கிறேன் என்று குடியிருப்போர் சங்கத் தலைவர் லிங்கப்பனிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். நீ விட்டுப்போன அந்தச் சின்ன சிப் போர்டுதான் துணை, கம்ப்யூட்டரில் எழுதுகிற சர்க்யூட் அப்படியே அதற்குள் உருவாகிவிடுமே. பூங்காவைச் சுற்றி நாற்பது விளக்கு, ஒவ்வொன்றும் முன்விளக்கிடம் வெளிச்சத்தை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கும், பார்ப்பவர்களுக்கு ஒளி ஓடுவது போலிருக்கும். ஒரு விளக்கின் சர்க்யூட்டை மட்டும் எழுதி அதை லூப்பில் போடும்மா என்று நீ அப்போதே சொன்னாய், நான் கேட்டேனா? ரயில்வே சிக்னலில் சர்வீஸ் முழுக்க ஒவ்வொரு சிக்னலுக்கும் தனி நம்பர், தனி வரைபடம், தனிச் சோதனை என்று பழகியவள், ஒன்றை எழுதினால் மற்றவை தானாக முளைக்கும் என்றால் மனசு ஒப்பவில்லை. நாற்பதையும் காப்பி செய்து செய்து நம்பரை மாற்றினேன். ஸ்ரீராமஜெயம் எழுதுகிறாயா என்று அப்பா கேலி செய்தார்.

முந்தாநாள் ஒத்திகையில் லிங்கப்பன், ஒளி ரொம்ப வேகமாக ஓடுகிறது மேடம், வயசானவர்களுக்குத் தலை சுற்றும் என்றார். மெதுவாக்க நாற்பதையும் மறுபடி காப்பி செய்ததில் ஒன்றில் நம்பர் தப்பிவிட்டது. மாதம்மா பூக்கடை மூலைவரை ஓடிவந்த ஒளி அங்கேயே நின்றது, அந்த விளக்கு தன்னிடமே வெளிச்சம் கேட்டுக்கொண்டு நிற்கிறது! நாளை மாலைக்குள் சரியாகாவிட்டால் வாடகை செட்டுக்குச் சொல்லிவிடுகிறேன் என்று லிங்கப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரிட்டையரானவளுக்கு இனி புதிதாக எதுவும் வராது என்று ஊர் நினைக்கட்டும், நானே அப்படி நினைத்துவிடுவேனோ என்றுதான் பயம்.

நேற்று காலை காபிகூடக் குடிக்காமல் அத்தனையையும் அழித்தேன். ஒரே ஒரு விளக்கை எழுதி நீ சொன்ன, ஒன்றை நாற்பதாக்கும் ஜெனரேட் லூப்புக்குள் வைத்தேன், வேகம் ஓரிடத்தில், நாற்பது என்ற எண் ஓரிடத்தில், அவ்வளவுதான், நீளமாகக் கிடந்ததெல்லாம் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் ஒன்றுகூட எரியவில்லை! அப்புறம்தான் உறைத்தது, முதல் விளக்குக்கு முன்னால் விளக்கே இல்லையே, அது யாரிடம் வாங்கும்? முதலாவது சுவிட்சிலிருந்து, மற்றவை முன்விளக்கிலிருந்து என்று லூப்புக்குள் ஒரு நிபந்தனை சேர்த்தேன். சாயங்காலம் அரண்மனையில் விளக்குப் போடுகிற நேரத்துக்கு நானும் சுவிட்சைத் தட்டினேன். ஒளி மாதம்மா கடை மூலையைத் தாண்டியதும் நான் போட்ட கூச்சலில் அவள் கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே போட்டுவிட்டாள். லிங்கப்பன் தும்பா சென்னாகிதே மேடம், ரொம்ப நன்றாயிருக்கிறது என்று கைதட்டினார், அடுத்த தசராவுக்கு எதிர்த்தெருவையும் சேர்த்து அறுபது விளக்கு வேண்டுமாம். அப்பாவுக்கு என்னைவிடப் பெருமை, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ராத்திரி வெறும் ரொட்டியோடு நிறுத்தாதே, ரசப்பொடி அனுப்பியிருக்கிறேன், வாரம் ஒருமுறையாவது தலைக்கு எண்ணெய் வை. பெருமாள் உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, நாற்பதை அறுபதாக்க மேலே ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும், எனக்கு ஒரு நிமிஷ வேலை. நான் தொடமாட்டேன். அடுத்த தசராவுக்கு நீ வந்து மாற்று.

வாசலைப் பார்த்தபடி,
உன் அம்மா
கனகலக்ஷ்மி