கழுவினால் போகும் கண்டுபிடிப்பு

2024 ஜனவரி 9

மறுபடியும் கரண்ட் போச்சு. எங்கள் ஆய்வகத்து ஜன்னலில் நின்றால் வரிசையாக அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். புகை இங்கே இறங்குகிறது. மின்சாரம் மட்டும் திருவொற்றியூரில் இறங்காமல் நேரே ஊருக்குள் போய்விடுகிறது.

ஜனவரி 17

மாடியில் துணி காயப்போடும்போது பக்கத்து வீட்டு டோரதி அக்கா பிடித்துக்கொண்டார். "இத்தினி வருசமா அப்டி இன்னாதான் படிக்கிற அனம்?"

சொன்னேன். இரும்பை போரானோடு உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால், அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் தண்டையார்பேட்டை பஸ் ஸ்டாப் கூட்டம் மாதிரி அப்படியே உறைந்துவிடும். அதுதான் உலோகக் கண்ணாடி. சூடேற்றினால் மெல்ல வரிசைக்கு வரும். காமா கதிரை அனுப்பினால் இரும்பின் அணுக்கரு தனக்கு ஒத்துவரும் ஆற்றலுக்கு மட்டும் அதிரும். அந்த அதிர்வு, கூட்டம் என்றால் ஆறு அகலமான மேடுகளாகவும், வரிசை என்றால் ஆறு கூரிய கோடுகளாகவும் வரும்.

"அப்போ டிராபிக் போலீஸ் வேலைன்னு சொல்லு."

என் ஆய்வைப் பற்றி இதுவரை வந்த சரியான சுருக்கம்.

ஜனவரி 30

கோடு வந்துவிட்டது! லேசாகத்தான் சூடேற்றிய உலோகக் கண்ணாடி ரிப்பன். வரவே கூடாத வெப்பத்தில், மேடுகளுக்கு நடுவே ஆறு மெல்லிய கோடுகள். என் வழிகாட்டி கிருஷ்ணப்பன் சார் நாற்காலியைவிட்டு எழுந்தார், அதுவே அபூர்வம். "அனம், இது உலகத்துல யாரும் பாக்காதது!" மைசூர்பாகு வந்தது. தீசிஸ் முடிந்த மாதிரிதான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 15

ஒப்பிட்டுப் பார்க்க, உலைக்குள் போகாத ரிப்பன் ஒன்றைக் கருவியில் வைத்தேன். அதிலும் அதே கோடுகள்.

அது செய்த ஒரே காரியம் தொங்கியதுதான். உலர்த்தும் ஜாடியின் பம்ப் செத்து ரொம்ப காலமாயிற்று. அதனால் எங்கள் துறையில் ஒரு வழக்கம்: ரிப்பன்களைக் கழுவி, ஜன்னலோரம் நைலான் கயிறு கட்டி, துணி கிளிப் மாட்டிக் காயப்போடுவோம். காசிமேட்டுக் கருவாடு மாதிரி ஆடும். நாங்கள் அளப்பதோ ரிப்பனின் மேல்தோலை மட்டும். ஜன்னல் விளிம்பில் விரலை இழுத்தேன். கறுப்பு. காந்தத்தைக் காட்டினேன். கறுப்பு எழுந்து நின்றது.

நிலக்கரிச் சாம்பலில் இரும்பு உண்டு. நன்றாகவே வரிசையில் நிற்கும் இரும்பு.

சாரிடம் சொன்னேன். யோசித்தார். "சூடே பண்ணாம மாறுதா? அப்ப இது இன்னும் பெருசும்மா!"

பிப்ரவரி 29

சோப்புத் தண்ணீரில் ரிப்பனைத் தேய்த்துக் கழுவிவிட்டு அளந்தேன். கோடுகள் போய்விட்டன. இனி பேச்சில்லை என்று நினைத்தேன்.

"மீள்தன்மை! மாறினது பழையபடி திரும்பிடுது!" என்றார் சார். கரும்பலகையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டார்.

அப்படிப் பார்த்தால் என் துப்பட்டாவுக்கும் மீள்தன்மை உண்டு. வாராவாரம் நிரூபிக்கிறேன்.

மார்ச் 11

கட்டுரை தயார். முதல் பெயர் என்னுடையது. சோப்பு என்ற சொல் எங்கும் இல்லை. "வேதிப் பரப்புச் சீரமைப்பு" என்று இருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பட்டம். போடாவிட்டால் என் தீசிஸில் வேறொன்றும் இல்லை.

என்னோடு ஆய்வு செய்யும் தீனா போட்டுவிட்டான். வியாசர்பாடியில் அவன் சம்பளத்துக்காக ஒரு வீடே காத்திருக்கிறது. "அழுக்குன்னு எனக்கும் தெரியும் அனம். வேலை வோணும். நீ வேணா சுத்தமா இரு."

மார்ச் 12

தூக்கம் வரல. ச்சீ. எல்லாமே கலீஜ். மூக்கைச் சிந்தினா கறுப்பு, தலையணை உறை கறுப்பு, டோரதி அக்கா மாடியில போட்ட வத்தல் கறுப்பு. இவ்வளவு வருஷமா இதை மூச்சுல இழுத்துக்கினு கீறோம், யாரும் ஒரு வரி எழுதல. ரிப்பன் மேல உட்கார்ந்ததும் உலகக் கண்டுபிடிப்பாம்! அதுல என் பேரா? முதல்லயா? — முடியாது.

மார்ச் 14

பெயரை எடுத்துவிடச் சொன்னேன். சார் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்மா" என்று என் இடத்தில் தன் பெயரை நகர்த்தினார். அவ்வளவு சுலபமாக நகர்ந்தது.

ஜூன் 20

வேதியியல் துறை இசக்கியம்மாள் மேடத்திடம் மாறினேன். புதிய தலைப்பு: எண்ணூர் வீட்டு ஜன்னல்களில் படியும் சாம்பல். முதலிலிருந்து. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "இதுக்கு சாம்பிள் எடுக்க வெளிய போவ வேணாம். நம்ம ஃபேனைத் துடைச்சிக்கோ" என்றாள்.

2025 ஏப்ரல் 4

அந்தக் கட்டுரைக்காகச் சாருக்குப் பாராட்டு விழா. பொன்னாடை. கூடவே புது ஆய்வகம்: ஏசி, திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல்கள். பழைய அறையைக் கேட்பாரில்லை. நான் கேட்டேன். கொடுத்தார்கள்.

ஜூலை 2

தீனா வந்தான். "புது லேப்ல கோடே வர்ல அனம். சூடு பண்ணியாச்சு, பண்ணாமலும் பாத்தாச்சு. வேற யாருக்கும் வர்லன்னு லெட்டர் மேல லெட்டர். சார் செம பேஜார்ல கீறாரு."

ஏசிக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 16

இன்று சாரே வந்தார். கையில் பளபளவென்று ஒரு ரிப்பன், நல்ல டப்பாவில். அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார்.

"ஒரு வாரம் இங்க தொங்கட்டுமாம்மா?"

"கயித்துல இடமில்ல சார்." பொய் இல்லை. வீடுவீடாக ஜன்னலில் வைத்து எடுத்த என் தகடுகள் கடைசிவரை தொங்கிக்கொண்டிருந்தன.

கடைசித் தகட்டை ஒரு விரலால் தொட்டார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார், ரொம்ப நேரம். எனக்கு ஏதாவது சொல்வார் என்று தோன்றியது. வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்து, நான்காக மடித்து, பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கைக்குட்டையைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆய்வுக்கு நல்ல மாதிரி.