ரஷ்ய நாவலுக்குள் கிடந்த அட்டை

அம்மா,

நீ நூறு நாள் வேலையிலிருந்து வருவதற்குள் நான் அரியலூர் பஸ் ஏறியிருப்பேன். அப்பா இறந்த 2019-லேயே ராணுவத்துக்கு நீ குடும்ப ஓய்வூதிய மனு அனுப்பியதற்கு அத்தாட்சி கிடைத்துவிட்டது! மனு போய்ச் சேர்ந்ததும் தபாலில் திரும்பி வந்த அட்டை, தேதி முத்திரையோடு அப்படியே இருக்கிறது.

எங்கே இருந்தது தெரியுமா? பனி கொட்டும் அந்தத் தடித்த ரஷ்ய நாவலுக்குள். பக்க அடையாளத்துக்கு நானே வைத்து மறந்திருக்கிறேன். இத்தனை வருஷமும் சைபீரியாவில் பத்திரமாகக் கிடந்திருக்கிறது. “கண்ட தேசத்துக் கதையப் படிச்சு என்னத்தடி கண்ட?” என்று இனி நீ கேட்க முடியாது.

“பழைய மனுவுக்கு அத்தாட்சி இருந்தா கொண்டாம்மா, 2022-லேருந்து குடுத்த பென்ஷன 2019-லேருந்து கேக்கலாம்” என்று அரியலூர் ஆபீஸ் சார் சொன்னாரே, அதற்குத்தான் ஓடுகிறேன்.

புளிக்குழம்பு மூடி வைத்திருக்கிறேன். சந்தோஷத்தில் உப்பு போட்டேனா என்று நினைவில்லை, ருசி பார்த்துக்கொள்.

சத்யா

பி.கு.: நேற்று, “நீ மனுவே போட்டிருக்க மாட்டம்மா” என்று கத்திவிட்டேன். அட்டையில் முகவரி உன் கோணல் எழுத்தில்தான் இருக்கிறது. முத்திரையில், கருமாதி முடிந்த அந்த வாரத்துத் தேதி. ஆபீஸ் நம்புவது இருக்கட்டும், நான் நம்பியிருக்க வேண்டும். வந்ததும் திட்டு. சிரித்துக்கொண்டே திட்டு.